மாத்திரை இலவசம், அதை வாங்கப் போவதுதான் செலவு

"வயதான காலத்தில் உடம்பு நன்றாக இருப்பதை வருமானம் தீர்மானிக்கிறதா, மருத்துவ வசதி தீர்மானிக்கிறதா? அரசு ஆஸ்பத்திரியில்தான் எல்லாம் இலவசமாயிற்றே, அப்புறம் ஏன் ஏழை முதியவர்கள் சீக்கிரம் படுத்துவிடுகிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்கு 68 வயது, ஊரில் அம்மாவோடு இருக்கிறார், சுகரும் பிரஷரும் உண்டு என்றும் எழுதியிருந்தீர்கள்.

நான் டாக்டர் இல்லை. 31 வருடம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கம். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்ததையும், பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக. வருமானமா, மருத்துவமா என்று இரண்டையும் எதிரெதிர்த் தட்டில் வைத்தால் பதில் கிடைக்காது. இலவச மருத்துவம் ஏழையை நோக்கிப் பாதி தூரம் வருகிறது. மீதிப் பாதியை அவர் நடந்து வர வேண்டியிருக்கிறது. அந்த நடைக்குக் காசு வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும். எழுபது வயதில் உடம்பு தாங்குமா தாங்காதா என்பது பெரும்பாலும் அந்த மீதிப் பாதியில்தான் முடிவாகிறது.

எங்கள் நிலையத்துக்கு ஒரு ஆயா மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். மஞ்சப்பை, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நோட்டு, நோட்டுக்குள் பழைய மாத்திரை அட்டை. ஒருமுறை நர்ஸ் அளந்தபோது பிரஷர் 190-க்கு மேல் நின்றது. "மாத்திரை சாப்பிடுறீங்களா இல்லையா ஆயா?" என்றேன். "ஒரு நாள் தவறினதில்ல தம்பி" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. பையை வாங்கிப் பார்த்தேன். காகிதக் கவருக்குள் மாத்திரைகள் எல்லாம் பாதி பாதியாகக் கிடந்தன. சில துண்டுகள் பொடிந்து மாவாகியிருந்தன.

"அருவாமனையில வெச்சு வெட்டிட்டேன். ஒரு மாசத்துக்குக் குடுத்தத ரெண்டு மாசத்துக்கு ஆக்கிக்கிட்டேன். களையெடுப்பு நேரம் தம்பி, இங்க வந்தா ஒரு நாள் கூலி போயிடுது."

அவர் கணக்கில் தப்பே இல்லை. காலையில் கிளம்பினால் பஸ் பிடித்து வந்து, ஓ.பி. சீட்டு போட்டு, வரிசையில் நின்று, பிரஷர் பார்த்து, என் ஜன்னலுக்கு வர பதினொன்றரை ஆகும். செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகள் நாள், இன்னும் கூட்டம். திரும்பும்போது பஸ் இருக்காது. ஆக, இலவச மாத்திரையின் விலை அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும். அந்த மாத்திரையை அரசு வாங்கும் விலை ஒன்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 ஜனவரியிலிருந்து மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, கிடங்கு வழியாக எல்லா நிலையங்களுக்கும் அனுப்புகிறது. மருந்து இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பும் நிலைமை எங்களுக்கு அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. அவ்வளவு தூரம் ஒழுங்காக வந்த மாத்திரை, கடைசியில் அருவாமனையில் போய் நின்றது.

அடுத்த தை மாதம் அந்த ஆயாவுக்கு வலது கை கால் இழுத்துக்கொண்டது. பாதி மாத்திரைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பிரஷர் அடங்காமல் வருடக்கணக்கில் போனால் வாதம், மாரடைப்பு, கிட்னி என்று எங்கே போய் முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இது ஒரு ஆயாவின் கதை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2020-இல் 18 முதல் 69 வயதுவரை உள்ளவர்களிடம் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அப்படி இருந்தவர்களில் 100-க்கு சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரையில் 100-க்கு சுமார் 11 பேர். மருந்து இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தின் கணக்கு இது. மருந்து இருப்பது வேறு, அது தவறாமல் வயிற்றுக்குள் போவது வேறு.

சரி, பணம் எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்று பார்ப்போம். பலரும் பெரிய ஆபரேஷன், பெரிய ஆஸ்பத்திரி என்றே யோசிக்கிறார்கள். நான் பார்த்த வரை அது கடைசி அத்தியாயம். கதை முப்பது வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. முப்பத்தைந்து வயதிலிருந்து வெயிலில் மூட்டை தூக்கியவரின் முட்டியும், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தவரின் முட்டியும் அறுபதில் ஒன்றாக இருக்காது. விறகடுப்புப் புகையில் சமைத்தே காலம் தள்ளிய அம்மாவுக்கு பீடி பிடிக்காமலேயே இளைப்பு வருகிறது. வருமானம் என்பது இன்று கையில் இருக்கும் பணம் மட்டும் இல்லை, இத்தனை வருடம் உடம்பு எதற்கெல்லாம் வாடகைக்குப் போனது என்பதும் சேர்ந்ததுதான்.

இதற்கு நான் படித்ததிலேயே நல்ல சாட்சி லண்டனில் இருக்கிறது. அங்கே அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த 17,000-க்கும் அதிகமான ஆண்களை 1967-இல் தொடங்கி வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். வைட்ஹால் ஆய்வு என்று பெயர். மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் அதை வைத்துத்தான் பேர் வாங்கினார். இதில் யாரும் பிச்சைக்காரர் இல்லை, எல்லாருக்கும் மாதச் சம்பளம். 1948 ஜூலையிலிருந்து அந்த நாட்டில் வைத்தியம் எல்லாருக்கும் இலவசம். அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்கள் உச்சியில் இருந்த அதிகாரிகளைப் போல மூன்று மடங்கு அளவில் செத்தார்கள். அதைவிட ஆச்சரியம், நடுப்படியில் இருந்தவர்கள் மேல்படிக்காரர்களைவிட மோசம், கீழ்ப்படிக்காரர்களைவிட மேல். ஏணி மாதிரி. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்தாலும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. ஓய்வு பெற்ற பிறகு அது கொஞ்சம் சுருங்கியது, மறையவில்லை.

ஆகவே "இலவச ஆஸ்பத்திரி இருக்கிறதே" என்பதற்கு லண்டனே பதில் சொல்லிவிட்டது. அதற்காக ஆஸ்பத்திரியால் பயனில்லை என்று யாராவது முடிவு கட்டினால் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்புரை விஷயத்தைச் சொன்னால் புரியும்.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். பேப்பர் எழுத்து மங்குகிறது என்று தெரிந்த இரண்டாவது மாதமே பாண்டிச்சேரி போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டார். அதே தெருக்கோடியில் அவர் வயதையொத்த ஒரு விவசாயக் கூலி. அவருக்கும் புரைதான். முகாமில் இலவசமாகச் செய்கிறார்கள் என்று நானே நாலு தடவை சொல்லியிருப்பேன். "அறுப்பு முடியட்டும் சார்" என்பார், அறுப்பு முடிந்தால் கரும்பு வெட்டு. ஆபரேஷன் முடிந்தால் சில வாரம் தூசியில் போகக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். அந்த வாரங்களுக்குச் சோறு யார் போடுவது? இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். ஒரு நாள் விடியற்காலையில் வாய்க்கால் மேட்டில் கால் வைத்த இடம் தெரியாமல் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவருக்கு ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்து எழுப்பி நடக்க வைப்பது நல்லது. இவருக்குப் பணம் புரட்டி, வண்டி பிடித்து, மாவட்ட ஆஸ்பத்திரி போய்ச் சேரவே மூன்று நாள். அதற்கு முன்னால் ஒரு கட்டு வைத்தியரிடமும் போய் வந்தார்கள். அப்புறம் அவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. கண்ணில் தொடங்கியது, கடைசியில் படுக்கைப் புண்ணில் போய் முடிந்தது.

இந்தத் தடையை முதலில் புரிந்துகொண்டவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் என்று சொல்வேன். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. காசு கொடுப்பவரிடம் வாங்கி, கொடுக்க முடியாதவருக்கு இலவசமாகச் செய்யும் ஏற்பாடு. 1992-இல் ஆரோலேப் தொடங்கி கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்ததும், வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்த பொருள் சில நூறு ரூபாய்க்கு இறங்கியது. ஆனால் ஆபரேஷன் இலவசம் என்று மட்டும் சொன்னபோது ஆட்கள் வரவில்லை. பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, திருப்பிக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் வந்தார்கள். அப்படியும் 1990-களில் முகாம் நடந்த கிராமங்களில் விசாரித்தபோது, கண்ணில் கோளாறு இருந்தவர்களில் 100-க்கு 7 பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். பிரஷரில் பார்த்த அதே 7. இதில் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை, ஆனால் எனக்கு மறப்பதில்லை.

வைத்தியம் வாசல்வரை போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பரிசோதனை நடந்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பித்தார்கள். ஊர்ப் பெண்கள் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையைக் கையில் கொடுப்பார்கள். படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை மருத்துவர் வருவார். அந்த ஆயா வாதம் வந்து கிடந்த வருடங்களில் இது இல்லை. இருந்திருந்தால் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. திட்டத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. தன்னார்வலருக்குக் கொடுக்கும் தொகை குறைவு, ஆள் மாறினால் பத்து வீடு விட்டுப்போகும். ஆனாலும் களையெடுப்பா மாத்திரையா என்று ஒரு கிழவி முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தைத் தூக்கியது என்ற ஒரே காரணத்துக்காக இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்போது காப்பீட்டுக்கு வருகிறேன். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம்வரை சிகிச்சை உண்டு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் பெயர் மாறி, பின்னால் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து இன்றுவரை ஓடுகிறது. 70 வயது முடிந்தவர்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்தது. எல்லாமே நல்லதுதான். இதயத்தில் அடைப்பு எடுக்கவும் முட்டி மாற்றவும் வீட்டை விற்கத் தேவையில்லாமல் ஆகியிருக்கிறது.

ஆனால் இவை எல்லாம் படுத்தால் வரும் பணம். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் கார்டு வேலை செய்யும். முதியவரின் நோய் அப்படியா இருக்கிறது? 2017-18-இல் இந்தியா முழுக்க 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேரிடம் எடுத்த ஆய்வில், 60 தாண்டியவர்களில் நாலில் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோய் இருந்தது. நாள்பட்ட நோய்க்குத் தேவை மாதாமாதம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒருமுறை கண்ணும் பாதமும் பார்ப்பது. இதற்கு எந்தக் கார்டும் பணம் தராது. காலில் சின்னப் புண்ணுக்குக் கட்டுக்கட்ட 80 ரூபாய் கேட்டால் கைக்காசுதான். அதே கால் அழுகி வெட்ட வேண்டிய நிலைமை வந்தால் கார்டு ஓடி வரும்!

அமெரிக்காவில் 65 வயது முடிந்தவர்களுக்கு 1965-இல் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வந்தது. அதன் முதல் பத்து வருடத்தை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்களுக்கு முதியவர்களின் இறப்பு விகிதத்தில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. ஆனால் மருத்துவச் செலவால் திவாலாகிற பயம் மட்டும் கணிசமாகக் குறைந்திருந்தது. இன்னொரு ஆய்வு, உயிருக்குப் போராடி அவசர சிகிச்சைக்கு வந்தவர்களில் 65-ஐத் தாண்டியவர்கள் பிழைக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடியதைக் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும். காப்பீடு வீட்டைக் காப்பாற்றும், சாகக் கிடக்கும்போது கை கொடுக்கும். தினசரி உடம்பைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை இல்லை.

தினசரி உடம்பைப் பார்த்துக்கொள்வது எது? சின்னதாக, ஆனால் தவறாமல் வரும் பணம். இங்கே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் ஓ.ஏ.பி. என்று எல்லாரும் சொல்லும் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-இல் 1,000 ஆனது. பன்னிரண்டு வருடம் அப்படியே கிடந்து 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இடையில் அரிசி விலை, பருப்பு விலை, ஆட்டோ கட்டணம் எல்லாம் எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயதுவரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500 ரூபாய். எண்ணிப் பார்த்தால் 1,200 என்பது ஒரு நாளைக்கு 40 ரூபாய். டீ ஒன்று, முட்டை ஒன்று, வாழைப்பழம் இரண்டு என்று வைத்துக்கொண்டால் மீதி பெரிதாக இருக்காது.

ஆனாலும் இந்த 40 ரூபாயைக் கேலி செய்யாதீர்கள். ரேஷன் அரிசி இலவசம் என்பதால் எங்கள் பக்கத்து முதியவர்கள் பட்டினி கிடப்பதில்லை. அரிசி மட்டுமே சாப்பிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. பல்லும் போயிருக்கும். மாவட்டத் தலைநகருக்கு நாலு தடவை அலைந்தால் பல் செட் கிடைக்கலாம், யார் அலைவது? எனவே காலையில் கஞ்சி, மதியம் ரசம் சோறு, ராத்திரி அதே சோறு. சுகர்க்காரருக்கு இதைவிடக் கெட்ட சாப்பாடு இல்லை. தசை கரைகிறது, கால் தள்ளாடுகிறது, விழுகிறார். நான் எழுதிக் கொடுக்கும் மாத்திரைக் கவரில் "சாப்பாட்டுக்குப் பின்" என்று போடுவேன். ஒரு தாத்தா கேட்டார்: "எந்தச் சாப்பாட்டுக்குப் பின்ன சார்?" இரண்டு வேளைதான் சாப்பிடுவாராம். ஓ.ஏ.பி. வர ஆரம்பித்த பிறகு ராத்திரி இரண்டு இட்லி கடையில் வாங்குகிறார் என்று பின்னால் தெரிந்தது. மாத்திரை அளவு மாறவில்லை, சுகர் படுகுழிக்குப் போவதும் மயக்கம் வருவதும் நின்றது.

பணம் வயிற்றுக்கு மட்டும் போவதில்லை, மரியாதைக்கும் போகிறது. "ஓ.ஏ.பி. வர்ற வாரம் மருமவ கொரலே வேற" என்று ஒரு ஆயா வரிசையில் சொல்ல மொத்த வரிசையும் சிரித்தது. சிரிப்பில் உண்மை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இனவெறி ஆட்சி முடிகிற காலத்தில் கறுப்பின முதியவர்களுக்கும் வெள்ளையருக்குச் சமமான ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கத்திய கணக்கில் அது கணிசமான தொகை. ஆன் கேஸ் என்ற பொருளாதார அறிஞர் அதை ஆராய்ந்தபோது, பென்ஷன் வாங்கியவரின் உடல்நிலை தேறியிருந்தது. வீட்டு வருமானத்தைப் பொதுவில் போட்டுச் செலவழித்த குடும்பங்களில் மற்றப் பெரியவர்களின் உடல்நிலையும் சேர்ந்து தேறியிருந்தது. அதே பென்ஷனை ஆராய்ந்த எஸ்தர் டஃப்லோ என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் பார்த்தது இன்னும் அழகு: பாட்டி பென்ஷன் வாங்கிய வீடுகளில் பேத்திகள் உயரமாக வளர்ந்திருந்தார்கள். எந்த டாக்டரும் எந்த மருந்தும் புதிதாக வரவில்லை, மாதாமாதம் பணம் வந்தது, அவ்வளவுதான்.

பணம் வருவதிலும் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. முன்பு தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து தருவார். இப்போது வங்கிக் கணக்குக்குப் போகிறது, ஊருக்கு வரும் முகவரின் மெஷினில் கைரேகை வைத்து எடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மண்ணிலும் சாணத்திலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? "பதியல பாட்டி, நாளைக்கு வாங்க." உழைத்துத் தேய்ந்தவருக்குத்தான் மெஷின் இல்லை என்கிறது.

மருத்துவத்திலும் இதே கூத்துதான். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் ஊரில் வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர் 1971-இலேயே எழுதி வைத்தார்: நல்ல வைத்தியம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று. தமிழ்நாட்டில் முதியோர் மருத்துவத்துக்கு வரலாறு பெரியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-இலேயே அதற்கென்று தனிப் பிரிவு தொடங்கினார், நாட்டிலேயே முன்னோடி. கிண்டியில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். இரண்டும் சென்னையில். கள்ளக்குறிச்சி பக்கம் சங்கராபுரத்து முதியவருக்குக் கிண்டி வெகு தூரம்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாலும் "கூட யாரு வந்திருக்காங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஸ்ட்ரெச்சர் தள்ள, ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்க, ரிப்போர்ட் வாங்க, சாப்பாடு வாங்க எல்லாவற்றுக்கும் கூட ஆள் வேண்டும். மகன் கட்டட வேலைக்காரர் என்றால் ஒரு நாளைக்கு 700, 800 போகும். ஒரு குடும்பம் என்னிடம் சொன்ன கணக்கு: அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்க இரண்டு நாள் அலைந்ததில் மகன் கூலி, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,300. ஸ்கேனுக்கு ஒரு பைசா வாங்கவில்லை. இந்த அலைச்சலுக்குப் பயந்தே மெடிக்கல் கடையில் "ஒரு செட்டு" வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். முட்டி வலிக்கு மூன்று, நாலு மாத்திரையைப் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள், இருபதோ முப்பதோ ரூபாய். அதில் வலி மாத்திரை இருக்கும், பல நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். வலி மந்திரம் போட்டது மாதிரி போகும், மறுநாள் வேலைக்குப் போகலாம். இப்படி நாலு வருடம் போட்டால் கிட்னி என்ன பாடுபடும்? டயாலிசிஸுக்கு வந்த சிலரின் கதையைக் கேட்டால் இந்தப் பேப்பர் மடிப்பு எங்காவது எட்டிப் பார்க்கும்.

பணம் இருப்பவர்கள் தப்பித்தார்கள் என்றும் இல்லை. அவர்களுக்கு வேறு வியாதி. முட்டிக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. என் பெரியப்பா பதினான்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு தலைசுற்றி விழுந்துகொண்டிருந்தார். ஒரு நல்ல பொது மருத்துவர் உட்கார்ந்து ஆறாகக் குறைத்தார், சுற்றல் நின்றது. என்றாலும் இரண்டு வியாதியையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பெரியப்பாவிடம் இன்னொரு டாக்டரைப் பார்க்கக் காசு இருந்தது.

நடுவில் ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டிருக்கிறது. தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பி.எஃப். பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014-இலிருந்து மாதம் 1,000. சொந்த வீடு இருப்பதால் ஓ.ஏ.பி.க்கு இழுபறி, மகன் சம்பளத்தைச் சேர்த்தால் முதலமைச்சர் காப்பீட்டிலும் இல்லை, தனியார் காப்பீடு எடுக்கப் போனால் பிரீமியத்தைப் பார்த்தே பிரஷர் ஏறும். 2025 செப்டம்பரில் அதன் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுத்தார்கள், கொஞ்சம் மூச்சு விடலாம். உங்கள் அப்பா இந்தக் கூட்டம்தான் என்று ஊகிக்கிறேன்.

அவருக்கு என்ன செய்யலாம்? தனியாரில் பார்த்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிந்து, மக்களைத் தேடி மருத்துவப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். 70 முடிந்ததும் ஆயுஷ்மான் கார்டுக்கு ஆதாரோடு விண்ணப்பியுங்கள், அதற்கு முன் உங்கள் மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரி அதை ஏற்கிறது என்று நேரில் கேட்டு வையுங்கள். கண்ணை இந்த வருடமே பாருங்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்பதை ஏற்காதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று மொத்தமாக எடுத்து வைப்பது இருக்கட்டும். அதிலிருந்து 1,500 ரூபாயை மாதம் முதல் தேதி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள், கணக்குக் கேட்காமல். முட்டைக்கும் ஆட்டோவுக்கும் உங்களிடம் போன் போட்டுக் கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள், கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாத்திரைக் கவரை வாங்கி எண்ணுங்கள். வாங்கிய தேதி அட்டையில் இருக்கும், எத்தனை மீதி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடுதலாக இருந்தாலோ, பாதியாக வெட்டியது கிடந்தாலோ திட்டாதீர்கள். ஏன் என்று மட்டும் கேளுங்கள்.